10 பைட் சரக்கு, 84 பைட் சுமை: வீட்டில் எழுதிய நெட்வொர்க் கேமின் கணக்கு

சொந்தமாக எழுதிய மல்டிபிளேயர் கேம் இழுத்தால் முதல் பழி நெட் வேகத்தின் மேல்தான் விழுகிறது. 40 எம்பிபிஎஸ் பிளான் 100 ஆகிறது, 100 பிளான் 200 ஆகிறது, மாதக் கட்டணம் ஏறுகிறது, ஆட்டம் மட்டும் பழையபடியே இழுக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கேம் எத்தனை பைட் அனுப்புகிறது, அதை எத்தனை பாக்கெட்டாக அனுப்புகிறது, ஒவ்வொரு பாக்கெட்டும் எங்கே எத்தனை மில்லிநொடி காத்துக் கிடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தால், கூடுதலாகக் கட்டிய பணத்துக்கும் கோளாறுக்கும் சம்பந்தமில்லை என்பது பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். நிரலில் கைவைப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கட்சி.

மாதிரிக்கு ஒரு டாங்கிச் சண்டை கேமை எடுத்துக்கொள்வோம். நான்கு ஆட்டக்காரர்கள், ஒரு சர்வர், யூடிபி வழியே நொடிக்கு 20 முறை தகவல் போய் வருகிறது. ஆட்டக்காரர் அனுப்பும் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்போம். இது நம் கேமின் பாக்கெட்தானா என்று அறிய ஓர் அடையாளம் 1 பைட். பாக்கெட் எண் 2. சர்வரிடமிருந்து கடைசியாக வந்த பாக்கெட்டின் எண் 2. ஆட்ட நேரம் 2. எந்தெந்த பட்டன் அழுத்தியிருக்கிறது என்பதற்கு 1. பீரங்கியின் கோணம் 2. ஆக மொத்தம் 10 பைட்.

இந்த 10 பைட் அப்படியே கம்பியில் ஏறிவிடாது. யூடிபி தலைப்பு 8 பைட், ஐபி தலைப்பு 20 பைட் சேர்ந்து 38 ஆகிறது. ஈதர்நெட்டில் 46 பைட்டுக்குக் குறைந்த சரக்குக்கு இடமில்லை என்பதால் 8 பைட் வெறும் நிரப்பல் விழுகிறது. அதன் மேல் ஈதர்நெட்டின் தலைப்பும் சரிபார்ப்பும் 18, முன்னறிவிப்பு 8, அடுத்த பாக்கெட்டுக்கு முன் விடவேண்டிய இடைவெளி 12.

10 + 8 + 20 + 8 + 18 + 8 + 12 = 84 பைட்

நொடிக்கு 20 என்றால் 1,680 பைட், அதாவது 13.4 கிலோபிட்.

சர்வர் திருப்பி அனுப்புவது இதைவிடப் பெரியது. தலைப்புக்கு 7 பைட். ஒவ்வொரு டாங்கிக்கும் இடம் 4, உடல் கோணம் 1, பீரங்கிக் கோணம் 2, உயிர் 1 என்று 8 பைட், நான்குக்கு 32. குண்டுகளின் எண்ணிக்கைக்கு 1. ஆளுக்கு 4 குண்டு வரை ஒரே நேரத்தில் பறக்கலாம் என்றால் 16 குண்டு, குண்டுக்கு 5 பைட் வீதம் 80. கூட்டினால் 120 பைட், கம்பியில் 186. இதை நான்கு பேருக்கும் நொடிக்கு 20 தடவை அனுப்பினால் 14,880 பைட். 0.12 எம்பிபிஎஸ்.

100 எம்பிபிஎஸ் பிளானில் இது ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவு. மொபைலில் ஆடும் நண்பருக்கும் அப்படித்தான்: ஈதர்நெட் சுமை நீங்கலாக, போக வர இரண்டும் சேர்த்து மணிக்கு 13.4 எம்பி. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி தரும் ரீசார்ஜில் 24 மணி நேரம் விடாமல் ஆடினாலும் நான்கில் ஒரு பங்குகூடத் தீராது. டேட்டா போதவில்லை, வேகம் போதவில்லை என்ற இரண்டு புகாரையும் இந்த இடத்திலேயே கணக்கிலிருந்து அடித்துவிடலாம்.

அந்த 46 பைட் எல்லையை இன்னும் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் ஓர் இலவசம் இருக்கிறது. 46-இல் தலைப்புகளுக்கு 28 போனால் மிச்சம் 18. நம் சரக்கு 10 பைட்தான். மீதி 8 பைட்டை ஈதர்நெட் வெறுமையால் நிரப்பி அனுப்புகிறது. அந்த இடத்தில், இதற்கு முந்தைய இரண்டு முறை அழுத்திய பட்டனையும் பீரங்கிக் கோணத்தையும் சேர்த்துவிட்டால் 6 பைட் கூடும். சரக்கு 16 ஆகிறது. கம்பியில் அதே 84. ஈதர்நெட்டில் செலவு பூஜ்யம். வரவு என்ன? ஒவ்வொரு கட்டளையும் மூன்று பாக்கெட்டுகளில் பயணம் செய்கிறது. நூற்றில் ஒரு பாக்கெட் தொலைகிற இணைப்பில் மூன்றும் சேர்ந்து தொலைய 10 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. நொடிக்கு 20 என்றால் ஏறத்தாழ 14 மணி நேரத்துக்கு ஒரு தடவை. நிஜத்தில் பாக்கெட்டுகள் கொத்தாகத் தொலைவது உண்டு, ஆகவே 14 மணி நேரம் என்பது உத்தரவாதம் இல்லை. ஆனாலும் “பட்டனை அழுத்தினேன், சுடவில்லை” என்ற புகார் இந்த 6 பைட்டோடு கிட்டத்தட்ட ஒழிந்துபோகும். நெட்வொர்க் நிரலில் இதைவிட மலிவான மருந்தை நான் பார்த்ததில்லை.

இதே ஒரு சதவீத இழப்பை டிசிபி எப்படித் தாங்குகிறது என்றும் பார்ப்போம். நொடிக்கு 20 பாக்கெட்டில் ஒரு சதவீதம் என்றால் 5 நொடிக்கு ஒன்று தொலைகிறது. வழக்கமான விதிப்படி, ஒன்று தொலைந்ததை டிசிபி உணர்வதற்கு அதற்குப் பின்னால் மூன்று பாக்கெட்டுகள் போய்ச் சேர வேண்டும். 50 மில்லிநொடிக்கு ஒன்று வீதம் 150 மில்லிநொடி. போய் வர 40 மில்லிநொடி ஆகும் இணைப்பில் மொத்தத் தேக்கம் 190. அதுவரை வந்து சேர்ந்த நல்ல பாக்கெட்டுகளையும் டிசிபி கேமிடம் தராமல் பிடித்துவைக்கிறது, பிறகு நான்கையும் ஒரேயடியாகக் கொட்டுகிறது. திரையில் டாங்கி நின்று, குதித்து, மறுபடி ஓடும். 5 நொடிக்கு ஒருமுறை இப்படி ஆனால் யாருக்குத்தான் ஆடத் தோன்றும்? சதுரங்கத்துக்கும் சீட்டாட்டத்துக்கும் டிசிபி போதும். டாங்கிக்கு ஆகாது.

அடுத்தது அளவு. வீட்டில் எழுதும் கேம்களில் பாதிக்கு மேல் தகவலை ஜேசன் எழுத்துகளாக அனுப்புவதைப் பார்க்கிறேன். படிக்க எளிது, பிழை பார்க்க எளிது, அதனால் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எண்ணிப் பார்க்க வேண்டும். 8 பைட்டில் அடங்கிய டாங்கி, பெயர்களும் தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கமுமாக எழுதினால் காற்புள்ளியோடு சேர்த்து 73 எழுத்து ஆகிறது. 5 பைட் குண்டு 43 எழுத்து. தலைப்புக்கு 70 என்று வைத்தால், நான்கு டாங்கியும் 16 குண்டும் 292 + 688 + 70 = 1,050 பைட்.

பெறும் பக்கத்தில் பலர் கை பழகிப்போய் 1,024 பைட் இடம்தான் ஒதுக்குகிறார்கள். 15 குண்டு பறக்கும்வரை 1,007 பைட், பிரச்சினை இல்லை. 16-ஆவது குண்டு கிளம்பியதும் 1,050. விண்டோஸ் 10040 என்ற பிழை எண்ணைத் தரும். லினக்ஸ் சத்தமே இல்லாமல் கடைசி 26 பைட்டை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கொடுக்கும், ஜேசன் பாதியில் அறுந்து நிற்கும். நான்கு பேரும் ஒரே நேரத்தில் முழு மூச்சாகச் சுடும்போது மட்டும் கேம் விழுகிறது என்றால் காரணம் இதுதான். ஒருவராக உட்கார்ந்து எத்தனை நாள் சோதித்தாலும் அகப்படாது.

இடத்தைப் பெரிதாக்கிவிட்டால் அடுத்த சுவர் 1,472-இல் நிற்கிறது. ஈதர்நெட் ஒரு தடவையில் தூக்குவது 1,500 பைட். தலைப்புகள் 28 போக 1,472. பிபிபிஓஇ முறையில் லாகின் செய்யும் ஃபைபர் இணைப்பாக இருந்தால் இன்னும் 8 குறைந்து 1,464. ஆறு பேர், 24 குண்டு என்றால் 438 + 1,032 + 70 = 1,540. பாக்கெட் இரண்டு துண்டாகிறது. ஒரு துண்டு தொலைந்தாலும் முழுப் பாக்கெட்டும் போச்சு என்பதால் இழப்பு ஒரு சதவீதத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு சதவீதமாகிறது. துண்டு பாக்கெட்டுகளைக் கடத்தாத ரூட்டரும் பயர்வாலும்கூட உண்டு. அந்த வீட்டு நண்பருக்கு மட்டும் சண்டை சூடுபிடிக்கும் கணத்தில் திரை உறைந்துபோகும். இந்தக் கோளாறு சொந்தக் கணினியில் ஏன் தெரிவதில்லை? 127.0.0.1 என்ற உள்முகவரியில் லினக்ஸ் ஒரே பாக்கெட்டாக 65,536 பைட் வரை தூக்குகிறது. இழப்பும் இல்லை, தாமதமும் இல்லை. உள்முகவரியில் ஓடுவதை வைத்து நெட்வொர்க் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டவே கூடாது. 1,200 பைட்டுக்குள் நிறுத்திக்கொள்வது நல்ல வரம்பு. க்விக் நெறிமுறையும் தன் பாதையில் குறைந்தது 1,200 பைட் போகும் என்பதையே அடிப்படையாக வைத்திருக்கிறது.

பைட் குறைவாக இருந்தாலும் பாக்கெட்டின் எண்ணிக்கையும் போகும் விதமும் கழுத்தைப் பிடிக்கும் என்பதற்கு டூம் சாட்சி. 1993 டிசம்பர் 10-இல் வெளியான அந்த கேமில் நான்கு பேர் வரை ஆடலாம், ஆட்டம் நொடிக்கு 35 டிக், அதாவது 35 படி, நகரும். முதல் பதிப்புகள் ஐபிஎக்ஸ் பாக்கெட்டுகளை எல்லாருக்குமான பொது அறிவிப்பாக, அதாவது பிராட்காஸ்ட்டாக அனுப்பின. நான்கு பேர் ஆடினால் நொடிக்கு 140 அறிவிப்பு. அலுவலகத்தில் ஆட்டத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒவ்வொரு கணினியும் அந்த 140-ஐயும் எடுத்துப் பார்த்து, தனக்கில்லை என்று தள்ள வேண்டியிருந்தது. 1994-இல் வந்த 1.2 பதிப்பில் இது சரிசெய்யப்பட்டது. இன்று வைஃபையில் அதே தவறைச் செய்தால் வேறு ரூபத்தில் வந்து நிற்கும். தூங்கி எழும் மொபைல் ஒன்று அதே வைஃபையில் இருந்தால்கூட பிராட்காஸ்ட் பாக்கெட்டுகளை ரூட்டர் பிடித்துவைத்து, பீக்கன் அடிக்கும்போதுதான் வெளியே விடும். பீக்கன் வழக்கமாக 102.4 மில்லிநொடிக்கு ஒரு தடவை. யார் ஆடுகிறார்கள் என்று ஆரம்பத்தில் தேடிக் கண்டுபிடிக்க மட்டும் பிராட்காஸ்ட்டைப் பயன்படுத்தலாம். ஆட்டம் தொடங்கிய பிறகு அவரவர் முகவரிக்கு நேராக அனுப்ப வேண்டும்.

இனி நேரம். கணக்கின் முக்கியமான பக்கம் இதுதான். எதிராளி பட்டனை அழுத்தியதிலிருந்து அவருடைய டாங்கி நம் திரையில் நகர்வதுவரை, சராசரிக் காத்திருப்புகளைக் கூட்டுகிறேன்:

அவருடைய கணினியில் அடுத்த அனுப்பும் நேரம்வரை: 25
அங்கிருந்து சர்வருக்கு: 20
சர்வரில் அடுத்த டிக் வரை: 25
சர்வரிலிருந்து நமக்கு: 20
அசைவை வழுவழுப்பாகக் காட்ட வேண்டுமென்றே பிடித்துவைப்பது: 100
திரை புதுப்பிப்பு வரும்வரை: 8
மொத்தம்: 198 மில்லிநொடி

இதில் நெட்வொர்க்கின் பங்கு 40 மட்டுமே. மீதி 158 நம் நிரலுக்குள்ளேயே இருக்கிறது. அந்த 100 என்பது வால்வ் நிறுவனத்தின் சோர்ஸ் எஞ்சின் இயல்பாக வைத்திருந்த அளவு: நொடிக்கு 20 தகவல் வரும்போது ஒன்று தொலைந்தாலும் சமாளிக்க இரண்டு தகவலுக்கான நேரம் கையில் இருக்க வேண்டும். அதை நாம் குறைக்க முடியும். 20-ஐ 60 ஆக்கினால் 25 வரும் இரண்டு இடமும் 8 ஆகிறது, 100 என்பது 33 ஆகிறது. 8 + 20 + 8 + 20 + 33 + 8 = 97. தாமதம் பாதியாகக் குறைந்துவிட்டது. விலை? சர்வர் அனுப்பும் அளவு 0.12-லிருந்து 0.36 எம்பிபிஎஸ் ஆகிறது. கையில் ஏராளமாகக் கிடக்கும் பேண்ட்வித்தைக் கொடுத்து, தட்டுப்பாடான மில்லிநொடியை வாங்குகிறோம். பிளானை உயர்த்துவதால் இந்தப் பட்டியலில் ஒரு வரிகூட மாறாது. சாலையை அகலப்படுத்தினால் ஊர் கிட்டே வந்துவிடாது.

ஊர் எவ்வளவு தூரம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 100 கிலோமீட்டருக்குப் போக வர 1 மில்லிநொடி. சென்னையிலிருந்து பெங்களூரு 3, சிங்கப்பூர் 29, அமெரிக்காவின் கிழக்குக் கரை 130-க்கு மேல். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவே ரூட்டர்கள் உண்டு, ஆகவே பிங் இதைவிடக் கூடத்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. சர்வர் வாடகைக்கு எடுக்கும்போது பட்டியலில் முதலில் இருக்கும் அமெரிக்க ஊரை அப்படியே விட்டுவிட்டு, பிறகு நிரலில் தவறு தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 250 மில்லிநொடி பிங்கை எந்த நிரலாலும் குறைக்க முடியாது. மறைக்கத்தான் முடியும். ஜான் கார்மாக் 1996-இல் குவேக்வேர்ல்டில் செய்தது அதைத்தான்: நம்முடைய ஆளை மட்டும் சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் உடனே நகர்த்திவிட்டு, பதில் வந்ததும் திருத்திக்கொள்வது.

குறைந்த பேண்ட்வித்தில் என்ன சாதிக்கலாம் என்பதற்கு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஓர் அருமையான கணக்குப் பாடம். 1997-இல் வெளிவந்த அந்த கேமில் எட்டுப் பேர், 1,500 வீரர்கள் வரை, 28.8 கிலோபிட் மோடம். நம் டாங்கி கேமில் ஓர் ஆட்டக்காரர் போக வர செலவழிக்கும் 43 கிலோபிட்கூட அவர்களிடம் இல்லை. ஒவ்வொரு வீரனின் இடத்தையும் அனுப்பினால் 250 பேரைத் தாண்ட முடியாது என்று கணக்குப் போட்டார்கள். அதனால் கட்டளைகளை மட்டும் அனுப்பி, எல்லாக் கணினியிலும் ஒரே ஆட்டத்தைத் தனித்தனியே ஓடவிட்டார்கள். இப்போது கொடுத்த கட்டளை இரண்டு சுற்று தள்ளி நிறைவேறும். சுற்றுக்கு வழக்கமாக 200 மில்லிநொடி. இதை எழுதிய மார்க் டெர்ரானோவும் பால் பெட்னரும் 2001-இல் பகிர்ந்த அனுபவத்தில் இரண்டு எண்கள் ஒவ்வொரு கேம் எழுத்தாளரும் மனத்தில் வைக்க வேண்டியவை. 250 மில்லிநொடி வரை ஆட்டக்காரர்கள் தாமதத்தைக் கவனிப்பதே இல்லை; 500-ஐத் தாண்டினால்தான் உறுத்துகிறது. அதைவிட முக்கியம், ஒரு நேரம் 80, ஒரு நேரம் 500 என்று அலைவதைவிட, சீரான 500 பரவாயில்லை என்பது. டாங்கிச் சண்டைக்கு 250 அதிகம்தான். ஆனால் அலைபாயும் தாமதம் நிலையான தாமதத்தைவிடக் கெட்டது என்பது எல்லா ஆட்டத்துக்கும் பொருந்தும்.

கட்டளைகளை மட்டும் அனுப்பும் இந்த முறையில் கணினிகள் ஒன்றுக்கொன்று மாறிப்போனால் கண்டுபிடிப்பது பெரும்பாடு. வரைபடம் உருவாகும்போது ஒரு மான் இம்மி விலகி நின்றால், அது மேயும் வழி மாறி, வேட்டையாடப் போகிறவன் பாதை மாறி, பல நிமிடம் கழித்து இரண்டு திரையிலும் இரண்டு வரலாறு ஓடும். சுற்றுக்கு ஒரு முறை ஆட்டத்தின் மொத்த நிலையையும் 4 பைட் சரிபார்ப்பு எண்ணாகச் சுருக்கி அனுப்பினால் நொடிக்கு 20 பைட்தான் செலவு, பிளவு நேர்ந்த சுற்று எதுவென்று உடனே தெரிந்துவிடும்.

இணைப்பே கிடைக்காத கோளாறுகளுக்கு வருகிறேன். இங்கே எண்களே ஆளைக் காட்டிக்கொடுக்கும். டிசிபியில் சேர முயன்றதும் 10061 வந்தால், கணினிவரை போய்ச் சேர்ந்தாயிற்று, அந்தப் போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை. விண்டோஸில் சுமார் 21 நொடி காத்துக் கிடந்து 10060 வந்தால், பலமுறை பொறுத்துப் பார்த்தும் பதிலே இல்லை. முகவரி தவறு, அல்லது நடுவில் பயர்வால் விழுங்கிவிட்டது. யூடிபி சர்வரில் ஒருவர் வெளியேறியதும் எல்லாருக்கும் ஆட்டம் நின்றுபோகிறதா? 10054-ஐத் தேடுங்கள். போனவருடைய மூடிய போர்ட்டிலிருந்து திரும்பிய அறிவிப்பை விண்டோஸ் அடுத்த வாசிப்பில் பிழையாகத் தருகிறது, அதைப் பெரிய விபத்தாக எண்ணி நிரல் மொத்த சர்வரையும் மூடிவிடுகிறது. அந்த எண் வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த பாக்கெட்டுக்குப் போய்விடலாம்.

டிசிபியில் ஒவ்வொரு செய்தியும் 40 அல்லது 200 மில்லிநொடி தாமதித்து வந்தால், சின்னச் செய்திகளைச் சேர்த்துவைக்கும் 1984-ஆம் ஆண்டின் நேகிள் முறையும், பெற்றுக்கொண்டேன் என்ற பதிலைத் தள்ளிப்போடும் வழக்கமும் ஒன்றுக்கொன்று காத்திருக்கின்றன. தள்ளிப்போடும் நேரம் லினக்ஸில் 40, விண்டோஸில் நெடுங்காலமாக 200. நேகிளை அணைக்க ஒரே வரி போதும்.

யூடிபியில் மறுப்பும் கிடையாது, காத்திருப்பும் கிடையாது, மௌனம்தான். அங்கே நெட்ஸ்டாட் கட்டளையின் பட்டியலை வரி வரியாகப் படிக்க வேண்டும். 0.0.0.0 என்ற முகவரியில் 7777 போர்ட் இருந்தால் சரி. 127.0.0.1 என்று இருந்தால் வெளியிலிருந்து யாராலும் வர முடியாது. 24862 என்ற, யாரும் கேட்காத ஒரு போர்ட் நிற்கிறதென்றால் அதுவும் 7777-தான். 7777 என்பது 30, 97 என்ற இரண்டு பைட்: 30 × 256 + 97. பைட் வரிசையை மாற்றும் சார்பை எழுத மறந்தால் அது 97 × 256 + 30 ஆகி 24862 என்று பதிவாகிறது. சர்வரும் கிளையன்ட்டும் இரண்டிலும் மறந்திருந்தால் ஆட்டம் கனகச்சிதமாக ஓடும், ரூட்டரில் 7777-ஐத் திறந்துவிடும் நாள்வரை.

பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் பாக்கெட் வருகிறது, கேமுக்கு வரவில்லை என்றால் விண்டோஸ் பயர்வாலைப் பாருங்கள். 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 முதல் அது இயல்பாகவே இயங்குகிறது. முதல் முறை அனுமதி கேட்கும்போது அவசரத்தில் ரத்து செய்தால், அந்த நிரலுக்கு நிரந்தரத் தடை எழுதிவிடும்; மறுபடி கேட்காது.

காத்திருப்பு அறையில் சும்மா இருந்தவர் மட்டும் அறுந்துபோகிறார் என்றால் 30 நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் அடிப்படையில் ஓடும் ரூட்டர்கள் பதில் வராத யூடிபி தொடர்பை 30 நொடியில் மறந்துவிடுகின்றன. இரண்டு நிமிடமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2007-இன் விதி சொல்கிறது, எல்லா ரூட்டரும் கேட்பதில்லை. 15 நொடிக்கு ஒரு முறை 1 பைட் அனுப்பினால் தலைப்போடு 29 பைட், மணிக்கு 240 முறை, 6,960 பைட். 7 கேபிக்குள் முடிகிற வைத்தியம்.

ரூட்டரில் போர்ட்டைத் திறந்தும் வெளியூர் நண்பரால் நுழைய முடியவில்லை என்ற புகார் நம் ஊரில் மிகுதி. ரூட்டரின் வேன் பக்கத்தைத் திறந்து முகவரியின் முதல் இரண்டு எண்ணைப் பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையே இருந்தால் ரூட்டரில் எதைத் திறந்தும் பயனில்லை. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே 429 கோடி; உலக இருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுவதற்காக 2012-இல் ஒதுக்கியவைதான் இந்த 41,94,304 முகவரிகள். நம் ரூட்டருக்கு வெளியே இன்னொரு ரூட்டர் நெட் நிறுவனத்திடம் இருக்கிறது, அதன் சாவி நம்மிடம் இல்லை.

இரு பக்கமும் ஒரே நேரத்தில் வெளியே பாக்கெட் அனுப்பி நடுவே துளை போடும் வழி ஒன்று உண்டு. பிரையன் ஃபோர்டும் கூட்டாளிகளும் 2005-இல் சோதித்த ரூட்டர்களில் 82 சதவீதம் யூடிபி துளையை ஏற்றன, டிசிபிக்கு 64 சதவீதம். நண்பர் கூட்டத்துக்கு மட்டும் என்றால் டெய்ல்ஸ்கேல், ஜீரோடயர் போன்றவற்றில் சிறு குழுவுக்கு ரூபாய் செலவில்லை. இந்த வேலையை அவையே செய்துவிடும். ஆனால் முன்பின் தெரியாதவர்களும் வந்து ஆட வேண்டுமென்றால் வாடகை சர்வர்தான் நிம்மதி.

அதன் விலை இதோ. டிஜிட்டல் ஓஷனில் ஆகக் குறைந்த சர்வர் மாதம் 4 டாலர், பெங்களூரிலும் கிடைக்கிறது. டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 340, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 401 ரூபாய் 20 காசு. நான்கு பேர் பங்கிட்டால் ஆளுக்கு நூறு ரூபாய். அதோடு வரும் 500 ஜிபி பரிமாற்றத்தில், தினம் 4 மணி நேரம் ஆடினால் மாதம் 120 மணிக்கு, ஈதர்நெட் சுமை நீங்கலாக, 20 தகவல் வீதத்தில் 5.1 ஜிபி போகும், 60 வீதத்தில் 15.3 ஜிபி. 3 சதவீதம். அமேசானில் 2024 பிப்ரவரி முதல் பொது ஐபிவி4 முகவரிக்கு மட்டும் மணிக்கு அரை சென்ட் வாடகை; மாதம் 720 மணிக்கு 3.60 டாலர். அங்கே வெறும் முகவரிக்குக் கொடுப்பது இங்கே முழுச் சர்வருக்குக் கொடுப்பதில் பத்தில் ஒன்பது பங்கு. தட்டுப்பாடு எந்தப் பொருளில் இருக்கிறது என்பதை விலைப்பட்டியலே சொல்கிறது.

வீட்டுக்குள் செலவிட வேண்டியது ரூட்டரிலிருந்து கணினிக்கு ஒரு கேபிள், சில நூறு ரூபாய். பிங், நெட்ஸ்டாட், வயர்ஷார்க் மூன்றும் இலவசம். லினக்ஸில் நெட்எம், விண்டோஸில் கிளம்ஸி கொண்டு 100 மில்லிநொடி தாமதமும் 2 சதவீத இழப்பும் செயற்கையாக உண்டாக்கி ஆடிப் பார்ப்பதற்கும் காசில்லை. நண்பர்களை அழைப்பதற்கு முன்னால் ஒரு மாலை அப்படி ஆடிவிட்டால் மேலே சொன்ன கோளாறுகளில் பாதி நம் மேசையிலேயே சிக்கிவிடும்.

கடைசியாக ஒரு பதிவேடு. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் நொடிக்கு ஒரு முறை போய் வரும் நேரம், தொலைந்த பாக்கெட், தாமதத்தின் அலைவு, மிகப் பெரிய பாக்கெட்டின் அளவு என்ற நான்கு எண்ணையும் இரண்டிரண்டு பைட்டில், நேரத்துக்கு 4 பைட் சேர்த்து 12 பைட்டாக எழுதிவையுங்கள். நான்கு பேருக்கு மணிக்கு 173 கேபி, மாதம் 120 மணிக்கு 21 எம்பிக்குள். “நேற்று ராத்திரி ரொம்ப இழுத்தது” என்று நண்பர் சொன்னால் கோப்பைத் திறந்து, அவருக்கு மட்டும் 9.40-க்கு அலைவு 3-லிருந்து 100-ஐத் தொட்டிருக்கிறது, மற்ற மூவருக்கும் மாறவில்லை என்று பார்த்துச் சொல்லலாம். வைஃபையை விட்டுக் கேபிளைச் செருகச் சொன்னால் போதும்.